மர வேலை மெஷின்களை வேலை முடிஞ்சதும் சுத்தம் பண்றது எப்படி: பிளானர், கட்டர், டிரிம்மர், டிரில் எல்லாத்துக்கும் முழு வழிகாட்டி

என்னோட முதல் பிளானர் எரிஞ்சு போனது ஒரு பலா மரக் கதவுச் சட்டத்தை இழைச்சுக்கிட்டு இருக்கும்போது. காலையில இருந்து நல்லாத்தான் ஓடுச்சு, மதியத்துக்கு மேல பாடி கையில பிடிக்க முடியாத அளவுக்கு சூடாக ஆரம்பிச்சுது, இன்னும் ரெண்டு சட்டம்தானேன்னு ஓட்டினேன், கருகின வாடை வந்துச்சு, கொஞ்சம் புகை, அப்புறம் நின்னுடுச்சு. ரீவைண்டிங் பண்றவர்கிட்ட கொண்டு போனேன். அவர் பாடியைப் பிரிச்சு கவுத்துத் தட்டினார், தூளு உதிரலை, குழல்ல இருந்து புட்டு விழுற மாதிரி கட்டியா விழுந்துச்சு. "லோடு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல தம்பி, மூச்சு விட வழி இல்லாம செத்திருக்கு"ன்னார். மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர், அதைச் சுத்தி நிக்கிற காயில் ரெண்டையும் மாத்தின செலவு புது மெஷின் விலையில பாதிக்கு மேல போச்சு.

அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல எந்த மெஷினும் என்கிட்ட எரியல. பெருசா எதுவும் பண்ணல, தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் இதுக்குன்னு ஒதுக்குறேன், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷத்துல என்ன பண்றேன், வாரம் ஒரு தடவை என்ன, மாசம் ஒரு தடவை என்னன்னு முழுசா எழுதுறேன். நான் இருக்கிறது கன்னியாகுமரி பக்கம், பலா, அயினி, தேக்கு, ரப்பர் மரம், பிளைவுட் எல்லாம் மாறி மாறி வரும், வருஷத்துல ரெண்டு மழைக்காலம், காத்துல எப்பவும் ஈரம். அதனால துரு பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லுவேன்.

முதல்ல காத்து எந்த வழியா போகுதுன்னு பாருங்க

கரண்டுல ஓடுற பிளானர், கட்டர், டிரிம்மர், டிரில், கிரைண்டர் எல்லாத்துலயும் ஆர்மேச்சரோட ஒரு சின்ன ஃபேன் சேர்ந்தே சுத்தும். பெரும்பாலும் பின்பக்க ஓட்டை வழியா காத்தை இழுத்து, காயிலையும் ஆர்மேச்சரையும் தடவிக்கிட்டு போய், முன்பக்கம் கியர் இருக்கிற இடத்துக்கிட்ட வெளிய தள்ளும். மோட்டாரோட சூட்டைத் தணிக்க வேற எந்த ஏற்பாடும் கிடையாது. நாம மரம் அறுக்கும்போது சுத்தி முழுக்க தூளு பறக்குதா, அந்தத் தூளையும் சேர்த்துத்தான் அது உள்ள இழுக்குது. கொஞ்சம் கொஞ்சமா காயில் மேல படிஞ்சு கம்பளி போத்தின மாதிரி ஆயிடும், சூடு வெளிய போகாது, காயில் கம்பி மேல பூசியிருக்கிற வார்னிஷ் கருகும், ஷார்ட் ஆகும், புகை வரும்.

உங்க மெஷினை ஒரு தடவை சும்மா ஓடவிட்டு ஓட்டைகளுக்குப் பக்கத்துல ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பாருங்க, எங்க ஒட்டிக்குதோ அது இழுக்கிற பக்கம், எங்க பறக்குதோ அது தள்ளுற பக்கம். இது தெரிஞ்சாதான் காத்து அடிக்கிறது எந்தப் பக்கத்துல இருந்துன்னு புரியும்.

தூளு உள்ள போகாம இருக்கட்டும்னு சிலர் அந்த இழுக்கிற ஓட்டை மேல துணியோ பழைய சாக்ஸோ கட்டி வைக்கிறாங்க, நான் ரெண்டு மூணு பட்டறையில பாத்திருக்கேன். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. துணி அரை மணி நேரத்துல அடைச்சுக்கும், அப்புறம் காத்தே போகாது.

என்னென்ன வேணும்

ஒரு பெயின்ட் பிரஷ், ரெண்டு இஞ்சு, பழசா இருந்தா இன்னும் நல்லது. பழைய டூத் பிரஷ் ரெண்டு. பனியன் வேஸ்ட், ஹார்டுவேர் கடையில கிலோ கணக்குல கிடைக்கும். ஒரு சின்ன புளோயர் மெஷின், கம்ப்ரசர் இருக்கிறவங்களுக்கு அதுவும் ஓகே. மூங்கில் குச்சி ஒண்ணு ரெண்டு சீவி வச்சுக்கோங்க, இடுக்குல குத்தி எடுக்க, இரும்புக் கம்பி விட வேணாம், அது காயிலைக் கீறிடும். தையல் மெஷின் ஆயில் ஒரு சின்ன பாட்டில், வெள்ளை மெழுகுவர்த்தி ஒண்ணு, கொஞ்சம் மண்ணெண்ணெய், பாத்திரம் கழுவுற லிக்விட், 400 நம்பர் உப்புத்தாள். நல்ல மாஸ்க் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு கை எட்டுற இடத்துல வைங்க, தேட வேண்டி இருந்தா ரெண்டாவது நாளே விட்டுடுவோம்.

படி 1: பிளக்கைப் பிடுங்குங்க

சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, போர்டுல ஆஃப் பண்ணிட்டேன், இதெல்லாம் பத்தாது. பிளக்கைப் பிடுங்கி உங்க கண்ணு முன்னாடி வைங்க. டிரிகர் லாக் விழுந்திருக்கும், பையன் வந்து எதுக்கோ போர்டுல சுவிட்சைத் தட்டுவான், உங்க விரல் பிளேடுகிட்ட இருக்கும். பேட்டரி மெஷினா இருந்தா பேட்டரியைக் கழட்டுங்க. பிளேடு முழுசா நிக்கிற வரைக்கும் கீழ வைக்காதீங்க. சூடா இருந்தா உடனே மூடி பெட்டியில போடவும் வேணாம், பிளக்கைப் பிடுங்குறதுக்கு முன்னாடி லோடு இல்லாம அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினா உள்ள இருக்கிற சூடு கொஞ்சம் வெளிய போயிடும், அது நல்ல பழக்கம்.

படி 2: முதல்ல பிரஷ், அப்புறம்தான் காத்து

நிறைய பேர் எடுத்தவுடனே புளோயரை வச்சு அடிப்பாங்க. வெளிய ஒட்டியிருக்கிற தூளை எல்லாம் ஓட்டை வழியா உள்ள தள்ளி விடுறதுதான் அதுல நடக்குது. முதல்ல பெயின்ட் பிரஷால பாடி, கைப்பிடி, சுவிட்ச் சந்து, ஓட்டைகளோட கம்பி இடுக்கு எல்லாத்தையும் கீழ் நோக்கி தட்டி விடுங்க. ஓட்டையில அடைச்சிருந்தா மூங்கில் குச்சியால வெளிப்பக்கமா கிண்டி எடுங்க.

அப்புறம் காத்து. மோட்டாருக்குள்ள அடிக்கும்போது மெஷினை ஓட விட்டு அடிக்கிறது நல்லா வேலை செய்யும், உள்ள இருக்கிற ஃபேன் கிளப்பின தூளை வெளிய தள்ளிடும். ஆனா அதுக்கு பிளக் மாட்டணும், அதனால பிளேடு பிட் எல்லாத்தையும் கழட்டின பிறகு, தளர்ந்த நட்டு போல்ட்டு எதுவும் மெஷின்ல நிக்கலைன்னு பாத்துட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டுட்டு, வெட்ட வெளியில வச்சு பத்து பதினஞ்சு செகண்டு. பிளானர்ல பிளேடு மாட்டியிருக்கிற உருளை, அதாவது டிரம்மு, எப்பவும் உள்ளயே இருக்கும், அதை கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டிக் காத்தடிக்க வேணாம், நிறுத்தி வச்சே அடிங்க. இழுக்கிற பக்கத்துல இருந்து அடிங்க, தள்ளுற பக்கம் வழியா புகை மாதிரி வெளிய வரும். முதல் தடவை பண்ணும்போது எவ்வளவு வருதுன்னு பாத்தா பயந்துடுவீங்க.

கம்ப்ரசர் வச்சிருக்கிறவங்க பிரஷரைக் குறைச்சுக்கோங்க, 30 பிஎஸ்ஐக்குள்ள போதும். டயருக்கு அடிக்கிற மாதிரி 100ல வச்சு காத்துக் குழாய் முனையை ஓட்டைக்கிட்ட கொண்டு போய் அடிச்சா தூளு பேரிங்கோட சீலைத் தாண்டி உள்ள போயிடும், கிரீஸோட கலந்து அரைக்கிற மாவு மாதிரி ஆகி பேரிங்கைத் தின்னும். கம்ப்ரசர் டேங்க்ல நிக்கிற தண்ணியையும் முதல்ல திறந்து விட்டுடுங்க, இல்லன்னா காத்தோட தண்ணியும் சேர்ந்து மோட்டாருக்குள்ள போகும். உடம்பு மேல, சட்டை மேல ஒட்டின தூளைத் தட்ட கம்ப்ரசர் காத்தைப் பிடிக்கவே பிடிக்காதீங்க, தோல்ல சின்னக் கீறல் இருந்தாலும் ஆபத்து.

பாடியைத் துடைக்க சோப்புத் தண்ணியில முக்கி நல்லாப் பிழிஞ்ச துணி போதும். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பாடி பிளாஸ்டிக், தின்னர் பட்டா முதல்ல பளபளன்னு இருக்கிற மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல வெடிப்பு விடும். ரெட்டை இன்சுலேஷன் மெஷின்ல, அதாவது சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட அடையாளம் இருக்கிற மெஷின்ல எர்த் வயர் கிடையாது, கரண்டுல இருந்து உங்களைக் காப்பாத்துறதுல அந்த பிளாஸ்டிக்குக்கும் பங்கு இருக்கு.

படி 3: பிளேடும் பிட்டும்

இது ரொம்ப பேர் விட்டுடுற விஷயம். பிளேடு சரியா அறுக்கல, மரம் கருகுது, மெஷின் திணறுதுன்னா உடனே கூர் போச்சுன்னு சாணைக்குக் கொடுத்துடுறாங்க. பாதி நேரம் கூர் போயிருக்காது, பல்லு பக்கத்துல பிசின் கட்டியிருக்கும், அவ்வளவுதான். பைன் மரத்துல பிசின் ஜாஸ்தி, பலாவுல பால் ஒட்டும், பிளைவுட்ல இருக்கிற பசை சூட்டுல உருகி பல்லு மேல கருப்பா படியும். பல்லோட பக்கவாட்டுல அது ஏறினா மரத்தோட உரசும், உரசினா சூடு, சூடு ஏறினா இன்னும் ஒட்டும், எல்லா லோடும் மோட்டார் மேல.

பிளேடைக் கழட்டி ஒரு பழைய பிளாஸ்டிக் டப்புலயோ தாம்பாளத்துலயோ படுக்க வச்சு, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் ஊத்தி பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற விடுங்க. டூத் பிரஷால பல்லு பல்லாத் தேயுங்க. ரொம்பக் கட்டியா இருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால தேச்சுட்டு மறுபடி சோப்புல கழுவுங்க. இரும்பு பிரஷ் போடாதீங்க, பல்லு நுனியில இருக்கிற கார்பைடு கடினமானது, ஆனா சட்டுன்னு சில்லு தெறிக்கும். காஸ்டிக் சோடா கலந்த கடுமையான கிளீனர்ல ஊற வைக்கிறதும் வேணாம், பிசின் எடுக்க அவ்வளவு வீரியம் தேவையில்ல, அது கார்பைடை ஒட்ட வச்சிருக்கிற உலோகத்தைப் பாதிக்கலாம். கழுவின உடனே துடைச்சு வெயில்ல ரெண்டு நிமிஷம் காட்டி, ஆயில் தொட்ட துணியால ஒரு தடவு. ஈரத்தோட வச்சா மறுநாள் காலையில செம்பட்டையாத்தான் எடுப்பீங்க.

தேக்குல சிலிக்கா, அதாவது மண்ணுல இருக்கிற மாதிரியான சத்து இருக்கு, அதனால அது பிளேடை நிஜமாவே சீக்கிரம் மழுக்கும். கழுவின பிறகும் கருகினா அப்ப சாணைக்குக் கொடுங்க.

பிளேடைத் திரும்ப மாட்டும்போது ரெண்டு பக்கமும் வர்ற வாஷர் தட்டு, அதுல ஒட்டின தூளையும் பிசினையும் துடைங்க. அதுல ஒரு தூள் துணுக்கு இருந்தாலும் பிளேடு ஆடும், வெட்டு அகலமாகும், பேரிங் போகும். டிரிம்மர் பிட்டுகளையும் இதே சோப்புத் தண்ணியில தேய்க்கலாம், ஆனா நுனியில பேரிங் வச்ச பிட்டா இருந்தா பேரிங்கைக் கழட்டிட்டு முக்குங்க, முக்கினா உள்ள இருக்கிற கிரீஸ் போயிடும், அப்புறம் பேரிங் சுத்தாம மைக்காவைக் கருக்கும்.

படி 4: ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா பாக்க வேண்டியது

பிளானர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாத்தைவிடவும் கவனிப்பு வேண்டியது அதுதான். டிரம் நிமிஷத்துக்கு சுமார் 16,000 சுத்து சுத்துது, சீவலை வெளிய தள்ளுற வாய் சின்னது, பச்சை மரமோ ஈர மரமோ இழைச்சா அங்க அடைச்சுக்கும். அடைச்ச உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, குச்சியால எடுங்க, விரலை விடாதீங்க. டிரம்மைக் கையால மெல்லச் சுத்தி பிளேடு இருக்கிற காடிக்கு ரெண்டு பக்கமும் பிரஷ் போடுங்க. வாரம் ஒரு தடவை பிளேடைக் கழட்டி அது உக்கார்ற இடத்தையே துடைங்க, 82 மில்லிமீட்டர் பிளேடு ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கணும், அடியில தூளு சிக்கினா ஒண்ணு தூக்கிக்கும், அப்புறம் இழைச்ச பலகையில அலை அலையா வரி விழும், பிளேடு மேல தப்பு சொல்லுவோம். ரெண்டு முனை பிளேடா இருந்தா ஒரு பக்கம் மழுங்கினதும் திருப்பிப் போடலாம், திருப்பும்போது ரெண்டையும் சேர்த்தே திருப்புங்க. மாட்டின பிறகு நேரான ஒரு ரீப்பர் கட்டையை பின் தட்டு மேல வச்சு டிரம்மைக் கையால சுத்தினா, ரெண்டு பிளேடும் கட்டையை ஒரே மாதிரி லேசாத் தொட்டுட்டுப் போகணும். போல்ட்டு எல்லாத்தையும் இன்னொரு தடவை முடுக்கிப் பாத்துட்டுத்தான் பிளக்.

பக்கவாட்டு மூடியைக் கழட்டினா பெல்ட் இருக்கும். அதோட பல்லு இடுக்குல தூளு இறுகி இருந்தா குச்சியால எடுங்க, விளிம்பு நூல் நூலாப் பிரிஞ்சிருந்தா மாத்திடுங்க, அறுந்து நடு வேலையில நிக்கிறதைவிட மேல். பெல்ட்ல ஆயில் கிரீஸ் எதுவும் படக்கூடாது. அடித்தட்டை மண்ணெண்ணெய் துணியால துடைச்சுட்டு மெழுகுவர்த்தியால நாலு கோடு இழுத்து துணியால தேய்ங்க, மரத்து மேல வழுக்கிட்டுப் போகும், கைவலியும் குறையும், துருவும் பிடிக்காது. சிலிக்கான் ஸ்பிரே மட்டும் மர வேலை பட்டறைக்குள்ள கொண்டு வராதீங்க, மரத்துல ஒட்டிக்கிட்டா பின்னாடி பாலிஷ் அடிக்கும்போது மீன் கண்ணு மாதிரி குழி குழியா விழும், என்ன பண்ணாலும் போகாது.

சர்குலர் சால, அதாவது மரம் அறுக்கிற வட்டப் பிளேடு கட்டர்ல, முக்கியமானது கீழ் கார்டு, பிளேடோட பாதுகாப்பு மூடி. அறுத்து முடிச்சதும் ஸ்பிரிங்கால தானா வந்து பிளேடை மூடணும். தூளும் பிசினும் சேர்ந்து அது பாதியில நின்னுடும், மெஷினைக் கீழ வைப்போம், பிளேடு தரையில ஓடும், இல்ல கால்ல. தினமும் பிரஷ் போட்ட பிறகு கார்டைக் கையால முழுசாத் திறந்து விட்டுப் பாருங்க, டப்புன்னு மூடணும். மெதுவா மூடினா அச்சு இருக்கிற இடத்தை சுத்தம் பண்ணுங்க, எண்ணெயை ஊத்தாதீங்க, எண்ணெயில தூளு ஒட்டி இன்னும் இறுகும். மரச் சில்லு வச்சு கார்டைத் தூக்கி நிறுத்தி ஓட்டுற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. மார்பிள் கட்டர்ல மரப் பிளேடு போட்டு கார்டையே கழட்டி வச்சு அறுக்கிறதும் இருக்கு. விரல் போனவங்க கூட நான் வேலை பாத்திருக்கேன், அதனால சொல்றேன், சுத்தம் பண்ணக் கழட்டின கார்டைத் திரும்ப மாட்டாம அந்த மெஷினை எடுத்து வைக்காதீங்க. காலையில அவசரத்துல யாரும் மாட்ட மாட்டாங்க.

டிரிம்மர், ரவுட்டர். வேலை முடிஞ்சா பிட்டை மெஷின்லயே விட்டுடாதீங்க, ஈரக்காத்துல பிட்டும் அதை இறுக்கிப் பிடிக்கிற காலெட்டும் துருப்பிடிச்சு ஒட்டிக்கும், அப்புறம் சுத்தியலால தட்ட வேண்டி வரும். காலெட்டைத் தனியாக் கழட்டி உள்ள டூத் பிரஷ் விட்டுத் தேய்ங்க, அதுல படியிற பழுப்பு நிறத் தூளாலதான் ஓட்டத்துல பிட்டு வழுக்கி கீழ இறங்குது, 30,000 சுத்துல பிட்டு கழண்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. பிட் இல்லாம நட்டை முடுக்கக் கூடாது, காலெட் சுருங்கிடும். பிட்டை முழுசா உள்ள விட்டு ரெண்டு மூணு மில்லி வெளிய இழுத்து முடுக்கணும். இன்னொண்ணு, நம்ம கடைகள்ல 6 மில்லி பிட்டும் கால் இஞ்சு பிட்டும், அதாவது 6.35 மில்லி, ரெண்டும் கலந்துதான் கிடக்கும், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். கால் இஞ்சு காலெட்ல 6 மில்லி பிட் பிடிச்ச மாதிரி இருந்து வழுக்கும். துடைச்சு வைக்கும்போதே ரெண்டையும் தனித்தனி டப்பாவுல பிரிச்சு வைங்க.

டிரில்ல சக்கை கீழ் நோக்கிப் பிடிச்சு ரெண்டு மூணு தடவை முழுசாத் திறந்து மூடி தட்டினா உள்ள இருக்கிற தூளு விழுந்துடும். ஜிக்சாவுல பிளேடுக்குப் பின்னாடி ஒரு சின்ன உருளை இருக்கும், அதைத் துடைச்சு ஒரே ஒரு சொட்டு ஆயில். சாண்டர்ல பையைத் தினமும் காலி பண்ணுங்க, பாதி நிரம்பினாலே இழுக்கிறது குறைஞ்சுடும், உப்புத்தாள் ஓட்டையும் அடித்தட்டு ஓட்டையும் நேரா வந்திருக்கான்னு பாருங்க. சூடா இருக்கும்போது அழுத்தி வச்சா அடித்தட்டு வெல்க்ரோ உருகும்.

பேட்டரி மெஷின்ல பேட்டரி மாட்டுற இடத்துல இருக்கிற பித்தளைத் தகடு இடுக்குல உலர்ந்த பிரஷ் போட்டா போதும், ஆயில் வேணாம். வேலை முடிச்ச சூட்டோட பேட்டரியை சார்ஜ் போடாதீங்க, அரை மணி நேரம் ஆறட்டும். மாசக்கணக்குல எடுக்க மாட்டோம்னா பாதி சார்ஜ்ல எடுத்து வைங்க, சுத்தமா காலி பண்ணி வச்சா லித்தியம் பேட்டரி செத்துப் போகும். சித்திரை வெயில்ல பைக் பெட்டிக்குள்ளயும் தகர ஷெட்டுலயும் பேட்டரி வைக்காதீங்க.

படி 5: மாசம் ஒரு தடவை கார்பன்

கார்பன்ங்கிறது சுத்துற ஆர்மேச்சரைத் தொட்டு அதுக்கு கரண்டு கொடுக்கிற சின்னக் கட்டி. பிரஷ்லெஸ் மெஷின்ல அது கிடையாது, மத்ததுல ரெண்டு பக்கமும் வட்ட மூடி இருக்கும், ஸ்குரூ டிரைவரால திறக்கலாம். சில மெஷின்ல உள்ள இருக்கும், பின் மூடியைக் கழட்டணும். கார்பனை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க, அதே மாதிரித்தான் திரும்பப் போடணும், மாத்திப் போட்டா தேய்ஞ்ச வளைவு பொருந்தாம நெருப்பு பறக்கும். நிறைய மெஷின்ல 5, 6 மில்லிக்குக் கீழ வந்தா மாத்த வேண்டியதுதான், மகிடா மாதிரி சில கம்பெனி கார்பன்ல தேய்மான எல்லைக்கோடே போட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தாலும் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. அந்த மெஷினுக்கு உண்டான நம்பரையே கேட்டு வாங்குங்க, கொஞ்சம் பெருசா வாங்கி உப்புத்தாள்ல தேச்சு நுழைக்கிறது வேணாம், கூட்டுக்குள்ள இறுகி நிக்கும், ஆர்மேச்சர்ல படாம விட்டு விட்டுப் பொறி பறக்கும், கடைசியில ஆர்மேச்சர் போகும். புது கார்பன் போட்டா கொஞ்ச நிமிஷம் லோடு இல்லாம ஓடவிடுங்க, வளைவுக்கு ஏத்த மாதிரி உக்காந்துக்கும்.

ஓடும்போது ஓட்டை வழியா பாத்தா சின்னதா நீலப் பொறி தெரியும், அது சாதாரணம். வட்டமா நெருப்பு வளையம் மாதிரி சுத்தினா நிறுத்திடுங்க, கார்பனோ ஆர்மேச்சரோ போயிருக்கு. கார்பன் தேயும்போது விழுற கருப்புத் தூளு கரண்டைக் கடத்தும், மரத்தூளோட சேர்ந்து உள்ள படிஞ்சா இன்னும் மோசம், படி 2ல சொன்ன காத்து இதுக்கும் சேர்த்துத்தான்.

காதும் மூக்கும் நல்ல கருவி. பிளேடு இல்லாம கையால சுத்தும்போது கரகரன்னு மணல் மாதிரி உணர்ந்தா பேரிங் போகப் போகுது. 608, 6000 மாதிரி நம்பர் பேரிங் மேலயே இருக்கும், பேரிங் கடையில சல்லிசாக் கிடைக்கும், அது இறுகி ஆர்மேச்சர் உரசுற வரைக்கும் விட்டா செலவு பல மடங்கு. கிரைண்டர், சர்குலர் சா கியர் பெட்டி கிரீஸை வருஷத்துக்கு ஒரு தடவை பழையதைத் துடைச்சுட்டு புதுசா வைங்க, முழுசா ரொப்பாதீங்க, ரொப்பினா சூட்டுல உருகி மோட்டார் பக்கம் வழியும்.

படி 6: வயர், பிளக்

வயரைத் துணியால கை வழியா உருவிட்டே துடைங்க, வெட்டு வெடிப்பு இருந்தா விரல்ல தட்டும். மெஷினுக்குள்ள நுழையிற ரப்பர் கழுத்துலதான் முதல்ல உடையும். டேப் சுத்தி ஓட்டாதீங்க, உடைஞ்ச இடம் வரைக்கும் வெட்டிட்டு திரும்ப இணைக்கச் சொல்லுங்க. சுத்தி வைக்கும்போது மெஷின் மேல இறுக்கிச் சுத்தாம பெரிய வளையமாப் போட்டு வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிளக் டாப்பைத் திறந்து ஸ்குரூ முடுக்குங்க, அதிர்வுல தளர்ந்து அங்க சூடாகி உருகுறது நிறைய. எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லிசா நீளமா இருந்தா வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் அந்தச் சூடு தவிர்க்க முடியாது.

படி 7: எடுத்து வைக்கிறது

தரையில வைக்காதீங்க, ஈரம் தரையில இருந்துதான் ஏறும். பலகைத் தட்டுல, முடிஞ்சா அதோட பெட்டியிலயே. மழைக்காலத்துல பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு, செருப்பு டப்பாவுல வர்றதைச் சேர்த்து வச்சா போதும். துரு வந்துடுச்சுன்னா 400 உப்புத்தாள்ல மண்ணெண்ணெய் தொட்டு லேசாத் தேச்சு, துடைச்சு, மெழுகு. எலி இருக்கிற பட்டறையில வயர் வெளிய தொங்கக் கூடாது.

தூளு பத்தியும் சொல்லணும். இந்த வேலை எல்லாத்தையும் மாஸ்க் போட்டுத்தான் பண்ணணும், துண்டைக் கட்டிக்கிட்டா மெல்லிசான தூளு நிக்காது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே மரத்தூளை மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகுப்புல சேர்த்திருக்கு, முக்கியமா மூக்கு, சைனஸ் பக்கம் வர்றது. நம்ம பட்டறையில வேலை கத்துக்க வர்ற பையங்களைத்தான் கூட்ட, தட்ட விடுறோம், அவங்களுக்கு முதல்ல மாஸ்க் கொடுங்க. கூட்டின தூளை பட்டறைக்குள்ள குவிச்சு வைக்காதீங்க, இரும்பு வெட்டின கிரைண்டர் பொறி ஒண்ணு விழுந்து உள்ளுக்குள்ளயே கனன்று ராத்திரி பத்தும். லின்சீட் ஆயில் தொட்ட துணியை சுருட்டிப் போட்டா தானாவே சூடேறி பத்திக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் இறக்கித் துடைச்சு சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்தச் சமயத்துல நேரம் இருக்கும், அதனால கியர் கிரீஸ், பெல்ட், பிளக் டாப் மாதிரி பெரிய வேலைகளை நான் அதுக்கு முந்தின நாளே முடிச்சுடுவேன். பொட்டு வைக்கும்போது பாடி மேல வைங்க, காத்து ஓட்டை மேலயும் பிளேடு, காலெட், அடித்தட்டு மேலயும் ஈரச் சந்தனம் வேணாம், அந்த இடத்துல ஒரே ராத்திரியில துரு வட்டம் விழும். மஞ்சத் தண்ணி தெளிக்கிறவங்க மெஷினை ஒரு துணியால மூடிட்டு தெளிங்க.

லீவு முடிஞ்சு முதல் நாள் பிளக் மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டையிலயும் சீவல் வாயிலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்க பக்கம் பத்து நாள் மெஷின் சும்மா இருந்தா குளவி வந்து மண்ணுக்கூடு கட்டிடும், பிளானர் வாயில ரெண்டு தடவை எடுத்திருக்கேன், காய்ஞ்ச மண்ணு டிரம்முல பட்டா பிளேடு முனை அன்னைக்கே போச்சு. இப்ப எடுத்து வைக்கும்போதே அந்த வாயில ஒரு துணிப் பந்தை அடைச்சு, மறக்காம இருக்க சிவப்புத் துணியா வச்சு, அதோட நுனியை பிளக்கோட முடிஞ்சு விட்டுடுறேன், துணியை அவுக்காம பிளக் மாட்ட முடியாது.